சுதா, நீ அடி

சிறை
12 பிப்ரவரி 2024

அக்கா,

ஒம்பது வருஷம் கழிச்சு எழுதறன். நல்லா இருக்கியான்னு கேக்க எழுதல, அதை முதல்லயே சொல்லிடறன்.

தேவி உன் வூட்டுக்கு வந்தாளாம். வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பிட்டியாம். சரி, அவ என் பொண்டாட்டிதான, வேற எப்பிடி நடத்துவ. அவகிட்ட முழுசா கேட்டிருக்க மாட்ட. அதனால நானே சொல்றன்.

திருபுவனையில ஒரு கம்பெனியில பிரஸ் மெஷின் ஓட்டிக்கிட்டிருந்தன், பதினோரு வருஷமா. ஷிப்ட் சூப்பர்வைசர் பேரு தமிழ்க்குமரன். இருவத்தாறு வயசு. நல்ல பையன், என்னை அண்ணான்னுதான் கூப்பிடுவான். போன நவம்பர்ல ஒருநாள் டீக்கு கூப்பிட வந்தவன், கீழ கெடந்த அறுந்த பெல்ட் துண்டை எடுத்து வெளையாட்டா என் முதுகுல ஒண்ணு வுட்டான். “இன்னாண்ணா, டீ வாணாமா”ன்னு சிரிச்சான். அந்தச் சிரிப்பு வரைக்கும் ஞாபகம் இருக்கு.

அதுக்கப்புறம் மூணு பேரு என் மேல உக்காந்திருந்தாங்க. என் வாயெல்லாம் ரத்தம், அது என்னோடது இல்ல. ஸ்பேனரை என் கையிலேருந்து எடுக்க முடியாம விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சாங்க. நாலு அடியாம். ரெண்டு அடி அவன் கீழ விழுந்த பெறகாம். எடது கண்ணு போயிடுச்சு அக்கா. தாடை ரெண்டு எடத்துல ஒடைஞ்சு கம்பி போட்டுக் கட்டி, ரெண்டு மாசம் ஸ்ட்ரா வச்சு கஞ்சி குடிச்சானாம்.

குத்தத்தை ஒத்துக்கப் போறன். ஆனா தண்டனை முடிவு பண்றதுக்கு முன்னாடி, சின்ன வயசுல எனக்கு நடந்ததைப் பாத்த ஒருத்தர் கோர்ட்ல வந்து சொல்லணும்னு வக்கீல் சொல்றாரு. இங்க வர்ற மனநல டாக்டரம்மா ஜோஸ்பினும் அதையேதான் சொல்றாங்க. அம்மா செத்துப் போச்சு. ஏம்பலத்துல நம்ம வூட்டுக்கு அக்கம் பக்கம் யாருக்கும் ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சாலும், நம்மளைப் பெத்தவன், சரக்கைக் கையால தொடாத மேஸ்திரி முத்துசாமியைப் பத்தி எவன் வாயைத் திறப்பான்? மிச்சம் நீதான்.

வந்து சொல்லு. அந்தாளு பண்ணதைச் சொல்லு. நீ பண்ணதையும் சேத்துச் சொல்லு.

இங்கேருந்து போன் பேச வுடுவாங்க. உன் குரல் கேட்டா எனக்கு நாக்கு ஒட்டிக்குது. அதனால எழுதறன்.

கலை

பாகூர்
2 மார்ச் 2024

அன்புள்ள தம்பி கலைவேந்தனுக்கு,

அக்கா ஜெயசுதா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. மாமியார்தான் தபால்காரரிடம் வாங்கினார்கள். சிறை முத்திரை பார்த்து, “இது இன்னாடி”ன்னு கேட்டார்கள். உன் மாமாவுக்கும் சங்கடம். பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்க்கும் மனிதர், நாலு பேர் பார்க்கும்படி இருப்பவர். இதை நீ யோசிக்க வேண்டும்.

நடந்ததற்கு வருந்துகிறேன். அந்தப் பையனை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனால் அதற்கும் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம்? அப்பா கண்டிப்பானவர். அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் அடித்தார்கள். நானும்தான் அடி வாங்கினேன். நான் யார் கண்ணையும் எடுக்கவில்லை. குடும்பம் நடத்துகிறேன், குழந்தை வளர்க்கிறேன், செங்கமலம் அக்கா கடையில் தையல் வேலைக்குப் போகிறேன்.

அப்பா இரண்டு வருடமாக என் வீட்டில்தான் இருக்கிறார். பக்கவாதம். வலது கை கால் வராது, பேச்சு கிடையாது. ஊட்டி, குளிப்பாட்டி, மலம் அள்ளுவது நான். நீ ஒரு தடவை எட்டிப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவரைப் பற்றிக் கோர்ட்டில் போய்ப் பேசச் சொல்கிறாய்.

உன் கல்யாணத்தன்று அவர் காலில் விழச் சொன்னேன். அதற்கு நீ மேடையிலேயே என்னைப் பிடித்துத் தள்ளினாய். எல்லார் முன்னாலும் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? “நீயும் அவனும் ஒண்ணுதான்டி.” அதற்குப் பிறகும் நான் வர வேண்டுமா?

இனி எழுதாதே.

எழுதினாலும் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. செங்கமலம் தையல் கடை, கடைத்தெரு, பாகூர்.

இப்படிக்கு,
ஜெயசுதா

சிறை
11 மார்ச் 2024

அக்கா,

கண்டிப்பானவரா? சரி, நான் எழுதறன், நீ படி. பொய்யா இருந்தா அந்த எடத்துல கோடு போட்டு அனுப்பு.

எனக்கு எட்டு வயசு, உனக்குப் பதிமூணு. மோட்டார் ஃப்யூஸ் கட்டையைக் கை தவறிக் கெணத்துல போட்டுட்டன். கரும்புக்குத் தண்ணி பாயல. சாயங்காலம் அந்தாளு கத்தவே இல்ல. என்னையும் உன்னையும் மோட்டார் கொட்டாய்க்குள்ள கூப்டுக்கினு போயி கதவைச் சாத்தினான். என் சட்டையைக் கழட்டி, பைப்பைக் கட்டிப் பிடிச்சுக்கச் சொன்னான். பழைய மோட்டார் பெல்ட்டு ஆணியில தொங்கிச்சு. அதை எடுத்து உன் கையில குடுத்துட்டு, கதவுல சாஞ்சு நின்னுக்கினு சொன்னான்: “சுதா, நீ அடி.”

நீ அடிச்ச. ரத்தம் வந்ததும் கை தளர்ந்து மெதுவா அடிச்ச. “கையில தெம்பு இல்லியா”ன்னான். திரும்ப வேகமா அடிச்ச. நான் பைப்பை வுட்டுட்டு உன் காலைப் புடிச்சன். “அக்கா, வாணாங்க்கா”ன்னு சொன்னன். நீ என் கையை உதறிட்டு அடிச்ச. நான் கால் சட்டையிலயே ஒண்ணுக்குப் போயிட்டன். அந்தாளு அதைப் பாத்துட்டுக் கதவைத் திறந்து, “கழுவி வுட்டுட்டு வா”ன்னு உன்கிட்ட சொல்லிட்டுப் போனான்.

இது ஒரு நாள். அப்புறம் எத்தனை நாளு. அந்தாளு அடிச்சா கத்துவன். நீ அடிச்சா எனக்குச் சத்தமே வராது.

டாக்டரம்மாகிட்ட கேட்டன், நான் பைத்தியமா, இல்ல பொறந்ததே இப்பிடியான்னு. அவங்க எனக்குப் புரியற மாதிரி சொன்னாங்க. என் பிரஸ் மெஷின்ல ஒரு சென்சார் இருக்கு. உள்ள கை போனா அலாரம் அடிச்சு மெஷின் நின்னுடும். சின்ன வயசுல அடி எங்கேருந்து, எப்ப வரும்னு தெரியாமலே வளந்த மூளையில அந்த சென்சாரு ரொம்பக் கூர்மையா செட் ஆயிடுமாம். நெழல் பட்டாலும் அடிக்குமாம். யோசிக்கற பகுதி “இது வெளையாட்டுடா, இது தமிழ்க்குமரன்டா”ன்னு சொல்றதுக்குள்ள, பயம் கையை எடுத்துக்கினு போயிடுமாம். எல்லாருக்கும் இப்பிடி ஆகாது, ஆனவங்களுக்கும் மாத்த முடியும், வருஷக் கணக்குல ஆவும்னாங்க. “ஆனா கலை, அந்தக் கண்ணு உன் கையாலதான் போச்சு. அதையும் நீதான் சுமக்கணும்”னும் சொன்னாங்க. அதுக்கு நான் தலையாட்டினன்.

இது தமிழ்க்குமரனோட ஆரம்பிக்கல. கல்யாணமான மறு வருஷம் தேவி என்னைத் தூக்கத்துலேருந்து எழுப்பத் தோளைத் தொட்டா. கண்ணு முழிச்சுப் பாக்கறன், அவ கழுத்து என் ரெண்டு கையில இருக்குது. மூஞ்சி நீலமா ஆயிடுச்சு. அவங்க அம்மாகிட்ட தூக்கு மாட்டிக்கப் பாத்தன்னு பொய் சொன்னாளே தவிர என்னைக் காட்டிக் குடுக்கல. அதுலேருந்து ஒரு கொம்பால தட்டித்தான் எழுப்புவா, தூர நின்னு.

நீ யார் கண்ணையும் எடுக்கலன்னு எழுதியிருக்க. உனக்கு ஒண்ணுமே ஆகலியா அக்கா? நெஜமாவா?

கலை

பாகூர்
30 மார்ச் 2024

தம்பி,

உன் கடிதத்தைக் கடையில் உட்கார்ந்து படித்தேன். செங்கமலம் அக்கா ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். கோடு போட ஒரு இடமும் இல்லை. எல்லாம் நிஜம்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வலது தோளுக்கு மேலே உனக்கு ஓர் எலும்பு முட்டிக்கொண்டு நிற்குமே, கரும்பு ட்ரெய்லரில் இருந்து விழுந்தாய் என்று அம்மா எல்லாரிடமும் சொல்வாளே. நீ விழவில்லை. அப்போது உனக்கு அஞ்சு வயசு. அன்றைக்குத்தான் அவர் முதல் தடவை பெல்ட்டை என்னிடம் கொடுத்தார். நான் மாட்டேன்னு சொன்னேன். பெல்ட்டைக் கீழே போட்டேன். எனக்குப் பத்து வயசு, பள்ளிக்கூடத்துல என்னை தைரியசாலின்னு சொல்லுவாங்க. அவர் என்னைத் தொடக்கூட இல்ல. மம்பட்டியைத் திருப்பிப் புடிச்சு உன் தோள்ல ஒரே ஒரு அடி அடிச்சாரு. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேக்குது. காஞ்ச கரும்பை முட்டியில வச்சு ஒடைக்கிற சத்தம். நீ மூச்சு பேச்சில்லாம விழுந்துட்ட. “நீ அடிச்சா தோல் போகும். நான் அடிச்சா இதுதான். இனிமே நீயே பாத்துக்கோ”ன்னாரு.

அதுக்கப்புறம் அவரு குடுத்தப்பல்லாம் வாங்கிக்கிட்டேன். வேகமா அடிச்சேன், அவருக்குப் போதும்னு ஆகற வரைக்கும் அடிச்சேன். இதை உன்கிட்ட எந்த வயசுல எப்படிச் சொல்றது? சொன்னா உன்னைக் காப்பாத்தத்தான் அடிச்சேன்னு ஆயிடும். அதுவும் முழு உண்மை இல்ல. கொஞ்ச நாள்ல எனக்கு எதுவுமே தோணாமப் போச்சு. துணி துவைக்கிற மாதிரி இருந்துச்சு. அதுதான் எனக்குப் பயம்.

உனக்கு ஒண்ணும் ஆகலியான்னு கேட்ட இல்ல? சொல்றேன். இதை அங்க பிரிச்சுப் படிப்பாங்களா? படிக்கட்டும்.

நான் அவரை அடிக்கிறேன் கலை.

மாமாவும் மாமியாரும் வெளிய போன பெறகு. ஊட்டும்போது வாயை மூடிக்குவாரு. முதல்ல தொடையில கிள்ளினேன். அவரு வலிக்குதுன்னு சொல்ல முடியாது, ஒரு மாதிரி முனகுவாரு. அந்த முனகலைக் கேட்டதும் உடம்பெல்லாம் லேசா ஆன மாதிரி இருந்துச்சு. பொங்கலுக்கு அப்புறம் செருப்பு. இந்த மாசம் துணி அளக்கிற மரக்கோலைக் கடையிலேருந்து எடுத்துட்டு வந்தேன். எனக்குப் புடவை மறைக்கிற மாதிரி அவருக்கு வேட்டி மறைக்கிற எடமாப் பாத்து அடிக்கிறேன். ரெண்டு நாள் முன்னாடி அடிச்சதுல கோல் முனை முறிஞ்சு அவரு இடுப்புல குத்திடுச்சு. ரத்தத்தைத் தொடைச்சு மஞ்சள் வச்சேன்.

அப்பதான் பாத்தேன், என் பொண்ணு இளம்பிறை கதவுகிட்ட நிக்கறா. காய்ச்சல்னு அன்னிக்குப் பள்ளிக்கூடம் அனுப்பல, தூங்கறான்னு நெனச்சேன். ஆறு வயசு. அவ அழல, பயப்படல. கிட்ட வந்து என் கையைத் தடவிப் பாத்தா.

“கை வலிக்குதாம்மா? நான் அடிக்கட்டுமா?”

சுதா

சிறை
8 ஏப்ரல் 2024

அக்கா,

பொய் சொல்ல மாட்டன். நீ அந்தாளை அடிக்கிறன்னு படிச்சதும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. எழுந்து நின்னு படிச்சன். இன்னும் போடு, அந்தக் கோலு பத்தாதுன்னு மனசுக்குள்ள கத்தினன்.

அப்புறம் கடைசி வரி வந்துச்சு. சோத்துத் தட்டைத் தள்ளி வச்சுட்டு அந்த வரியையே திரும்பப் படிச்சன்.

தோள் எலும்பு பத்தி இப்ப பேச முடியல. அதை நெனச்சா நான் உன் மேல வச்சிருந்த கோவம் எங்க போய் நிக்கறதுன்னு தெரியாம சுத்துது. வுடு. இப்ப புள்ளதான் முக்கியம்.

அந்தாளை அந்த வூட்டுலேருந்து வெளிய அனுப்பு. அவனுக்காக இல்ல, அவன் செத்தா நான் அழ மாட்டன். உன் கை அவன் பக்கத்துல இருக்கக் கூடாது. புள்ள அதைப் பாக்கக் கூடாது. நீ மாமாகிட்ட சொல்ல மாட்ட, எனக்குத் தெரியும். பதினோரு வருஷத்துல அந்த வூட்ல நீ ஒரு வார்த்த சொன்னது இல்ல.

அதனால நான் டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டன். ஆபத்துல ஒரு நோயாளி இருக்காருன்னு தெரிஞ்சா சும்மா இருக்க முடியாது கலைன்னாங்க. ஆளுங்க வருவாங்க.

திட்டு. எவ்ளோ வேணா திட்டு.

கலை

பாகூர்
19 ஏப்ரல் 2024

வந்தார்கள். நலத்துறையில் இருந்து இரண்டு பெண்கள், ஒரு போலீஸ்காரி. தெருவே வாசலில் நின்றது. அப்பாவின் வேட்டியை விலக்கிப் பார்த்தார்கள். மாமியார் மாரில் அடித்துக்கொண்டார்கள். உன் மாமா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, போலீஸ்காரி எதிரிலேயே என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். நெற்றியில் நாலு தையல். நான் கையைக்கூடத் தூக்கவில்லை. சின்னதிலிருந்து அவ்வளவு பழகியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அப்பாவைத் தவளக்குப்பம் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். என் மேல் வழக்கு. பிறையை மாமியார் என்னிடம் விடுவதில்லை. நான் செங்கமலம் அக்கா கடையின் பின்னறையில் படுக்கிறேன்.

அவர் பெல்ட்டை என் கையில் கொடுத்தார். நீ என்னைப் பிடித்து அவர்கள் கையில் கொடுத்தாய். இரண்டு பேரும் கதவில் சாய்ந்து நின்றுகொண்டுதான் செய்தீர்கள்.

எழுதாதே.

சிறை
23 ஜூன் 2024

அக்கா,

ரெண்டு மாசம் எழுதாம இருந்தன். இது கடைசி.

குத்தத்தை ஒத்துக்கிட்டன். தண்டனை பத்திப் பேச ஜூலை 10 போட்டிருக்காங்க. உன்னை வான்னு கூப்பிடல. வக்கீல்கிட்டயும் உன் பேரை எடுத்துடச் சொல்லிட்டன்.

ஒத்துக்கிட்ட அன்னிக்குத் தமிழ்க்குமரன் கோர்ட்டுக்கு வந்திருந்தான். கண்ணாடிக் கண்ணு வச்சிருக்கான். அது என்னைப் பாக்குது, இன்னொண்ணு தரையைப் பாக்குது. வெளிய வரும்போது அவங்க அம்மா என் மூஞ்சியில துப்பினாங்க. அவன் அவங்களைப் பிடிச்சு நிறுத்திட்டு, “ஏண்ணா?”ன்னான். அவ்ளோதான் கேட்டான். ஒடைஞ்ச தாடை, வார்த்த கோணலா வருது. சென்சாரு, மூளை, எல்லாம் தெரியும். அந்த மூஞ்சிக்கு எதுர்ல எதையும் சொல்ல முடியல.

உன்னைக் காட்டிக் குடுத்ததுக்கு மன்னிப்பு கேக்க மாட்டன். திரும்பவும் அதையேதான் செய்வன். ஆனா உன் நெத்தித் தையலுக்கு என்னை மன்னிச்சுடு. மாமா அப்பிடிப்பட்ட ஆளுன்னு எனக்குத் தெரியாது. நீ சொன்னதில்ல, நான் கேட்டதும் இல்ல.

கலை

பாகூர்
18 ஆகஸ்ட் 2024

கலை,

கோர்ட்டில் என்னைப் பார்த்ததும் நீ முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாய். நான் சாட்சிக் கூண்டில் நின்று பேசி முடிக்கும் வரை திரும்பவே இல்லை. அதனால் நான் உன் முதுகைப் பார்த்துத்தான் பேசினேன். அது சரியாகத்தான் இருந்தது.

தேவிதான் வக்கீலிடம் சொல்லி என் பேரைத் திரும்பச் சேர்த்துவிட்டு வந்து கூப்பிட்டாள். “நீங்க வரலன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன் அண்ணி. ஆனா அவரு தூங்க மாட்டாரு”ன்னாள். அந்தக் கொம்பை இன்னும் கதவு மூலையில் வைத்திருக்கிறாளாம். நீ வெளியே வந்த பிறகு அது வேண்டாம் என்று ஆகும் வரை வைத்திருப்பாளாம்.

அரசு வக்கீல் கேட்டது உன் காதில் விழுந்திருக்கும். “அப்பா சொன்னார், அடித்தீர்கள். இப்போது யார் சொல்லி அடித்தீர்கள்?” யாரும் சொல்லவில்லை என்றேன். நாலு வருடம் என்று தீர்ப்பு படித்தபோது, தமிழ்க்குமரனின் அம்மா பத்தாது என்று கத்தினார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் கத்துவேன்.

என் வழக்கு நடக்கிறது. உன் டாக்டரம்மாவைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை நானும் போய்ப் பார்க்கிறேன். பிறை ஜூலை கடைசியில் என்னிடம் வந்துவிட்டாள். சும்மா வரவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையின் கையைப் பென்சிலால் குத்தி, அழக்கூடாது என்று வாயைப் பொத்தியிருக்கிறாள். மாமியார் அவளைப் பையோடு கடை வாசலில் விட்டுவிட்டு, “உன் ரத்தம்தானே, நீயே வச்சுக்கோ”ன்னு போய்விட்டார்கள். அவளையும் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போகிறேன். இப்போதே வந்தது நல்லது, ஆறு வயசு மூளை சீக்கிரம் கற்றுக்கொள்ளும், நல்லதையும்தான் என்றார்கள்.

நேற்று தவளக்குப்பம் போனேன். கையெழுத்துப் போட வரச் சொன்னார்கள். அப்பாவை வராந்தாவில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். இளைத்திருந்தார், சுத்தமாக இருந்தார். ஆயம்மா, “பொண்ணு வந்திருக்கு பாருங்க”ன்னு அவர் முகத்தைத் திருப்பினாள். அவர் வாயோரம் எச்சில் வழிந்தது. பழக்கத்தில் முந்தானையை எடுத்துத் துடைக்கக் கையைத் தூக்கினேன்.

அவர் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோளைக் குறுக்கி, தலையை உள்ளே இழுத்து, கண்ணை இறுக்கி. வேட்டி நனைந்து நாற்காலிக்குக் கீழே சொட்டியது.

அப்படி ஒடுங்குவது எப்படி என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முப்பது வருடம் இதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன் என்று நினைத்திருக்கிறேன். பார்த்துவிட்டேன். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆயம்மாவிடம் துணி மாற்றச் சொல்லிவிட்டு, அவரைத் தொடாமல் வெளியே வந்தேன். இனி போக மாட்டேன். அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் என் கை அவர் மேல் படாது.

வந்து பிறையை உட்கார வைத்துப் பேசினேன். டாக்டரம்மா சொல்லிக் கொடுத்ததில் பாதி மறந்துவிட்டது.

“தாத்தாவை அம்மா அடிச்சது தப்பு பாப்பா. பெரிய தப்பு. நீ யாரையும் அடிக்கக் கூடாது. யாராவது அடின்னு சொன்னாலும் அடிக்கக் கூடாது.”

“மிஸ் சொன்னா?”

“மிஸ் சொன்னாலும்.”

“அப்பா சொன்னா?”

“அப்பா சொன்னாலும். கீழ போட்டுட்டு ஓடி வந்துடு. ஓடி வந்து யார்கிட்டயாவது சொல்லு.”

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“நீ சொன்னா கூடவாம்மா?”

“நான் சொன்னா கூட.”

அக்கா